டிராகுலாவில் பயம் ஏன் பாதியில் விட்டுப்போகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு செமினார் கேள்வி. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’, ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ இரண்டிலும் அச்சச் சூழலும் அமானுஷ்யமும் எப்படிக் கையாளப்படுகின்றன என்று ஒப்பிட வேண்டும். ‘முதல் நூலில் பேய் நிஜம், இரண்டாவதில் பேய் மனப்பிரமை’ என்று எழுதிக் கொடுத்தீர்கள். இது போதாது என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். டிராகுலாவின் கோட்டைப் பகுதியைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை, பாதிக்கு மேல் பயமே இல்லை. ஜேம்ஸின் கதையில் பேய்கள் வந்து நிற்பதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை, ஆனாலும் முடித்த பிறகும் உறுத்துகிறது, ஏன் என்று கேட்கிறீர்கள். உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. இரண்டு நூல்களையும் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எது நூலிலேயே இருப்பது, எது என் வாசிப்பு என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

பின்னணியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ‘டிராகுலா’ 1897 மே மாதம் வந்தது. ஜேம்ஸின் கதை 1898 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ‘காலியர்ஸ் வீக்லி’ இதழில் தொடராக வந்து, அதே ஆண்டு நூலாயிற்று. இடைவெளி ஒரு வருடம்கூட இல்லை. ஸ்டோக்கர் லண்டனின் லைசியம் நாடக அரங்கை நிர்வகித்தவர், நடிகர் ஹென்றி இர்விங்கின் வலதுகை. ஜேம்ஸ் நாடகம் எழுதப் போய், 1895 ஜனவரியில் முதல் நாளிலேயே பார்வையாளர்களின் கூச்சலை நேரில் வாங்கிக்கொண்டவர். அதே ஜனவரியில்தான் கேன்டர்பரி பேராயர் பென்சன் சொன்ன ஒரு பேய்க்கதையின் கருவைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஒருவருக்கு மேடையில் புகையும் இடியும் கிளப்பும் வித்தை அத்துப்படி. இன்னொருவர் அந்த வித்தையெல்லாம் இல்லாமல் எழுத உட்கார்ந்தவர் என்று நான் நினைப்பதுண்டு. இதை நிரூபிக்க முடியாது, அதனால் கட்டுரையில் போடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘நிஜம், பிரமை’ என்ற பிரிவு ஏன் போதாது? பயம் பேயின் இருப்பைப் பொறுத்தது என்றால், டிராகுலா நிஜம் என்று உறுதியாகும் இடத்தில் பயம் கூடியிருக்க வேண்டும். நேர்மாறாக அங்கேதான் குறைகிறது. பேய் உண்டா இல்லையா என்பதைவிட, பார்த்தவர் அதை யாரிடம் சொல்ல முடிகிறது என்பதில்தான் இரண்டு நூல்களின் சூழலும் நிற்கிறது என்பது என் வாசிப்பு. சொல்ல ஆள் இல்லாதபோது பயம் வளர்கிறது. நாலு பேர் உட்கார்ந்து பேசிவிட்டால் வடிந்துவிடுகிறது. ஸ்டோக்கர் பேச வைக்கிறார். ஜேம்ஸ் கடைசிவரை பேச விடுவதில்லை.

டிராகுலாவின் முதல் நான்கு அத்தியாயங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஜோனதன் ஹார்க்கர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்து இளைஞன், டிரான்சில்வேனியாவில் இருக்கும் டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வேலை விஷயமாகப் போகிறான். ரயில் தாமதம், வழியில் சாப்பிட்ட மிளகாய்த்தூள் போட்ட கோழி, அதன் செய்முறையைத் தன் வருங்கால மனைவி மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று டைரி எழுதுகிறவன். கோட்டைக்கு வந்தபின் அவனைப் பயமுறுத்துபவை முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பாட்டு மேசையைப் பிரபுவே எடுத்து வைப்பதையும் படுக்கையைப் பிரபுவே விரிப்பதையும் கதவிடுக்கில் பார்த்துவிடுகிறான். வேலைக்காரர்களே இல்லை. அப்படியானால் தன்னை இங்கே அழைத்துவந்த வண்டிக்காரனும் இவரேதான்! முகச்சவரம் செய்கையில் தோளில் ஒரு கை விழுகிறது, கண்ணாடியில் யாரும் இல்லை. பிரபு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார். உடனே ஹார்க்கரின் கவலை, இனி எதைப் பார்த்துச் சவரம் செய்வது, கடிகார மூடியைத்தான் பார்க்க வேண்டும் என்று போகிறது. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இது. பயத்தைப் பகிர ஆளில்லாதவன் சில்லறைக் கவலைகளைப் பிடித்துத் தொங்குகிறான். அவன் எழுதும் கடிதங்கள் பிரபுவின் கையைத் தாண்டிப் போவதில்லை. மிஞ்சியிருப்பது சுருக்கெழுத்தில் எழுதும் டைரி ஒன்றுதான்.

அதற்கப்புறம் கதை இங்கிலாந்துக்கு வருகிறது. விட்பி துறைமுகத்தில் புயல், இறந்த கேப்டன் சுக்கானோடு கட்டப்பட்டபடி கரை ஏறும் கப்பல், மினாவின் தோழி லூசியின் தூக்கத்தில் நடக்கும் நோய், எல்லாம் சிறப்பாகத்தான் இருக்கின்றன. அங்கும் பயம் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதில்தான் தங்குகிறது. லூசி தாயிடம் சொல்வதில்லை, தாய் தன் இதயநோயை லூசியிடம் சொல்வதில்லை. லூசிக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் வான் ஹெல்சிங் பூண்டுப் பூ மாலையை எதற்குப் போட்டார் என்று தாய்க்குத் தெரியாது. அறையில் நாற்றம் என்று எடுத்துப் போட்டு ஜன்னலையும் திறந்து விடுகிறாள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைய இரவு தப்பியிருக்கும்.

நடுப்பகுதியில் மினா தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்கிறாள். ஹார்க்கரின் டைரி, டாக்டர் ஸீவர்ட் ஃபோனோகிராஃபில் பேசிப் பதிந்த குறிப்புகள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தட்டச்சு செய்து எல்லோர் கையிலும் கொடுக்கிறாள். வான் ஹெல்சிங் சட்டங்களைப் பட்டியல் போடுகிறார்: அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது, நிழல் விழாது, ஓடும் நீரை அலை மாறும் நேரத்தில்தான் கடக்க முடியும், சொந்த மண் நிரப்பிய பெட்டி வேண்டும். மொத்தப் பெட்டிகள் 50. அவ்வளவுதான், ரத்தக்காட்டேரி இப்போது ஒரு வழக்கு விவரம் ஆகிவிட்டது. பெட்டிகள் எங்கெங்கே போயின என்று சரக்கு ரசீதுகளைத் தேடுகிறார்கள். நீங்கள் பயம் போய்விட்டது என்று சொன்ன இடம் அநேகமாக இதுதான். ஸ்டோக்கர் தவறிவிட்டார் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எழுத விரும்பியது, படித்தவர்கள் ஒன்று சேர்ந்தால் பழைய தீமையைத் துரத்தலாம் என்ற கதை. அதற்குப் பயம் ஓரிடத்தில் வேட்டையாக மாறியே ஆகவேண்டும்.

ஆனால் அதற்குள்ளேயே ஒரு சோதனை நடக்கிறது. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் 30 அன்று கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டியவர்கள், இனி மினாவுக்கு எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். பெண், மென்மையானவள், தாங்கமாட்டாள் என்ற நல்லெண்ணம். எல்லாக் காகிதங்களையும் ஒழுங்குபடுத்தியவளே அவள்தான்! மறுநாள் ஹார்க்கர் எழுதுகிறான், மினா அசந்து தூங்குகிறாள், கொஞ்சம் வெளிறி இருக்கிறாள், களைப்பு போலிருக்கிறது என்று. மினா தன் டைரியில் எழுதுகிறாள், அறைக்குள் மூடுபனி புகுவதாகவும் அதில் இரண்டு சிவந்த கண்கள் தெரிவதாகவும் கனவு கண்டேன், ஆனால் இவர்களுக்குக் கவலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு டைரிகளையும் அடுத்தடுத்துப் படிக்கிற நமக்கு விளங்கிவிடுகிறது, அவர்களுக்கு விளங்கவில்லை. கணவனும் இரண்டு மருத்துவர்களும் கவனிக்காததை முதலில் கவனிப்பவன் மனநல விடுதியில் இருக்கும் ரென்ஃபீல்ட். அவள் தண்ணீர் கலந்த தேநீர் மாதிரி இருந்தாள் என்கிறான். பயம் போய்விட்ட நூலில் பயம் திரும்பி வருகிறது, அதுவும் பேச்சு நின்ற அந்த இரண்டு மூன்று நாட்களில் மட்டும்.

இப்போது ஜேம்ஸின் கதைக்கு வாருங்கள். எசெக்ஸில் பிளை என்ற கிராமப்புற மாளிகை. ஏழைப் பாதிரியாரின் கடைசி மகள், இருபது வயது, இரண்டு குழந்தைகளுக்குக் கவர்னஸாக, அதாவது வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக, வருகிறாள். குழந்தைகளின் பெரியப்பா லண்டனில் இருக்கும் அழகான பணக்காரர். வேலைக்கு ஒரே நிபந்தனை: எது நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது. கதையின் திகில் மாளிகைக்குப் போகும் முன்பே இந்த நிபந்தனையில் தொடங்கிவிடுகிறது.

சூழல் என்றதும் இருட்டு, மழை, பாழடைந்த கட்டடம் என்று எழுதுவார்கள். பிளையில் முதல் தோற்றம் வருவது ஜூன் மாத மாலையில், நல்ல வெளிச்சத்தில். அவள் உலாவப் போயிருக்கிறாள். இந்தப் பாதை திரும்பும் இடத்தில் யாராவது வந்து நின்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாள். யார் என்பது நமக்குத் தெரியும், அந்த லண்டன்காரர்தான். நிமிர்ந்தால் கோபுரத்தின் மேல் ஒருவன் நிற்கிறான். முதலில் அவர்தான் என்கிறது மனம், அடுத்த கணம் அவர் இல்லை என்கிறது. அப்போது நடக்கும் மாற்றமெல்லாம் ஒன்றுதான்: பொன்னிற வானத்தில் கரைந்துகொண்டிருந்த காக்கைகள் நிறுத்திவிடுகின்றன. வானம் அப்படியே தெளிவாக இருக்கிறது, அவன் முகமும் படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் துல்லியமாகத் தெரிகிறது. ஓநாய் ஊளையை வைத்து ஸ்டோக்கர் செய்ததை ஜேம்ஸ் ஒரு சத்தத்தை நிறுத்தியே செய்துவிடுகிறார்.

அடுத்த தோற்றம் இன்னும் நுட்பம். ஞாயிற்றுக்கிழமை, தையல் போட்டு விட்டு வந்த கையுறையை எடுக்கச் சாப்பாட்டு அறைக்கு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே அதே ஆள். ஓடிப்போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்று, அவனைப் போலவே கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் அறைக்குள் வந்த வீட்டு நிர்வாகி திருமதி குரோஸ் இவளைப் பார்த்து வெளிறிப்போகிறாள். இவளுக்கு ஒரே வியப்பு, அவள் ஏன் பயப்பட வேண்டும் என்று. அந்த வீட்டில் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒருவரைக் கதிகலங்க வைத்ததாக நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே உருவம் கவர்னஸ்தான். இந்த ஒரு காட்சியை வகுப்பில் வாய்விட்டுப் படித்தாலே போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இங்கே யாராலும் யாரிடமும் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். சிறுவன் மைல்ஸைப் பள்ளியிலிருந்து நீக்கிய கடிதம் வருகிறது. லண்டன்காரர் அதைப் பிரிக்காமலே அனுப்பி, நீயே பார்த்துக்கொள், எனக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம் என்கிறார். கடிதத்தைத் திருமதி குரோஸிடம் நீட்டினால், அவளுக்குப் படிக்கத் தெரியாது. கவர்னஸ் பையனிடம் எதுவும் கேட்பதில்லை. முன்பு அங்கே வேலைபார்த்து இறந்துபோன பீட்டர் குவின்ட், மிஸ் ஜெஸல் இருவரையும் பார்த்தாயா என்று குழந்தைகளிடமும் நேரடியாகக் கேட்பதில்லை. கேட்டால் தான் பைத்தியக்காரி ஆகிவிடுவோமோ என்ற பயம். கடைசியில் துணிந்து லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். மைல்ஸ் அதை எடுத்துப் பிரித்து எரித்துவிடுகிறான். டிராகுலாவிலும் காகிதம் எரிகிறது: பிரபு ஸீவர்டின் அறைக்குள் புகுந்து கையெழுத்துப் பிரதிகளையும் ஃபோனோகிராஃப் உருளைகளையும் தீயில் போடுகிறார். ஆனால் இன்னொரு பிரதி பெட்டகத்தில் இருக்கிறது, எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். பிளையில் மறுபிரதி கிடையாது. மைல்ஸை எதற்குப் பள்ளியை விட்டு அனுப்பினார்கள் என்று கடைசிப் பக்கங்களில் தெரியவருகிறது. அவன் சில விஷயங்களைச் சொன்னானாம், பிடித்தவர்களிடம் மட்டும். என்ன சொன்னான் என்பது கடைசிவரை இல்லை.

இனி, பேய் உண்டா இல்லையா. நூல் நமக்கு உறுதியாகத் தருவது இவ்வளவு: கவர்னஸ் பார்த்ததாக எழுதுகிறாள். எட்டு முறை, குவின்ட் நான்கு, ஜெஸல் நான்கு. வேறு யாரும் ‘நானும் பார்க்கிறேன்’ என்று சொல்வதில்லை. ஏரிக்கரையில் கை நீட்டிக் காட்டும்போது, திருமதி குரோஸ் எங்கே, ஒன்றும் தெரியவில்லையே என்கிறாள்; சிறுமி ஃப்ளோரா கவர்னஸையே வெறுத்து அழுகிறாள். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, எல்லாம் அவளுடைய அடக்கிய ஆசையின் வெளிப்பாடு என்ற வாசிப்பு பரவியது. அதற்கு எதிரான வலுவான சாட்சி, செம்பட்டை முடி, தொப்பி இல்லை, நல்ல உடை ஆனால் தன்னுடையதல்ல என்று அவள் வர்ணித்ததும் திருமதி குரோஸ் அது குவின்ட் என்று அடையாளம் சொல்வது. பார்க்காத, கேள்விப்படாத ஒருவனை எப்படி வர்ணிப்பாள்? ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் திருமதி குரோஸ் வாய்தவறி, அவனுக்கு இளம் பெண்கள் என்றால் பிடிக்கும் என்று சொல்லி, உடனே எஜமானரைச் சொன்னேன் என்று மழுப்பியிருக்கிறாள். வேறொருவன் இருந்தான் என்ற குறிப்பு கவர்னஸுக்கு முன்பே கிடைத்துவிட்டது. முடியின் நிறம் வரை அதிலிருந்து வந்துவிடாது என்பதும் உண்மை. ஆக, இரண்டு பக்கமும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து எழுதும் எந்தக் கட்டுரையும் அந்த முடிச்சைக் கண்டும் காணாததுபோல் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. விமர்சகர் தோதரோவ் 1970-ல் அமானுஷ்யக் கதைகளைப் பற்றி எழுதிய நூலில், வாசகர் தயங்கி நிற்கும் அந்த நிலையையே இவ்வகையின் இலக்கணமாகச் சொல்லி, தயக்கம் கடைசிவரை தீராத கதைக்கு உதாரணமாக இதைத்தான் காட்டினார்.

ஜேம்ஸ் என்ன நினைத்தார் என்று கேட்பீர்கள். 1908-ல் எழுதிய முன்னுரையில், தீமை இன்னதென்று நான் விவரிக்க மாட்டேன், வாசகனையே நினைத்துக்கொள்ள வைத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்ற பொருளில் சொல்கிறார். இது எழுதிப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னது, அதுவும் விளையாட்டுத்தனமான தொனியில். முறையை அறிய இது உதவும். பேய் இருந்ததா என்ற கேள்விக்குச் சாட்சியாக இதைக் கூண்டில் ஏற்ற முடியாது.

இன்னொரு ஒப்பீடும் உங்களுக்கு உதவும். இரண்டு நூல்களும் ‘கிடைத்த ஆவணம்’ என்ற உத்தியில் எழுதப்பட்டவை, கோட்டையும் பேயும் மர்மமுமாக வரும் கோதிக் கதைகளின் பழைய உத்தி அது. 1764-ல் ஹோரஸ் வால்போல் ‘ஒட்ராண்டோ கோட்டை’யை வெளியிட்டபோதே, பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று நடித்துத்தான் வெளியிட்டார். ஜேம்ஸின் கதை, கிறிஸ்துமஸ் சமயத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் டக்ளஸ் என்பவர் வாசிக்கும் கையெழுத்துப் பிரதி. கதை முடிந்தபின் அந்தக் கணப்புக்கு நாம் திரும்புவதே இல்லை. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. சிறுவனின் இதயம் நின்றுவிட்டது, அதோடு சரி. ஸ்டோக்கரோ, ஏழு ஆண்டுகள் கழித்து என்று ஒரு பின்குறிப்பு போட்டு எல்லோரையும் சுகமாக உட்கார வைக்கிறார். ஆனால் அந்தக் குறிப்பில் ஹார்க்கர் விநோதமான ஒன்றைச் சொல்கிறான்: இவ்வளவு காகிதத்திலும் அசல் ஆவணம் என்று அநேகமாக ஒன்றுமே இல்லை, எல்லாம் தட்டச்சு செய்த தாள்கள், இதை யாரையும் நம்பச் சொல்லவும் முடியாது. உறுதியை இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய நூல், கதவைச் சாத்தும்போது தன் சாட்சியங்களைத் தானே தளர்த்திவிடுகிறது. ஸ்டோக்கர் இதை யோசித்துச் செய்தாரா, அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு முத்தாய்ப்பாகப் போட்டாரா என்பது விவாதத்துக்குரியது. எனக்கு முதலாவதில் சாய்வு உண்டு.

எழுதும்போது சில எச்சரிக்கைகள். திரைப்படங்களை நூலோடு கலக்காதீர்கள். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்பது 1922-ல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ மௌனப்படத்திலிருந்து பரவியது. ஸ்டோக்கரின் பிரபு பட்டப்பகலில் பிக்கடிலி தெருவில் நிற்கிறார், சக்திதான் குறைவு. அதேபோல் டிராகுலா என்றால் வாலாக்கியாவின் (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) விளாட் மன்னன்தான் என்று அடித்து எழுதாதீர்கள். ஸ்டோக்கர் 1890-ல் விட்பியில் இருந்தபோது வில்லியம் வில்கின்சனின் நூலில் அந்தப் பெயரைக் கண்டு குறித்துக்கொண்டது உறுதி. விளாடின் கதையை விரிவாக அறிந்து எழுதினார் என்பதற்கு அவருடைய குறிப்புகளில் ஆதாரம் இல்லை. ‘மனப்பிரமை’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு நூல்களையும் முழுதாக ஒப்பிடப் பார்த்தால் மறுபடியும் பட்டியலில்தான் முடியும். டிராகுலாவில் செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 3 வரையிலான பதிவுகளையும், ஜேம்ஸில் நான்காம் அத்தியாயத்து ஜன்னல் காட்சியையும் இருபதாம் அத்தியாயத்து ஏரிக்கரைக் காட்சியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் வாதம் தானாக வந்துவிடும். ஜேம்ஸ் 1908 பதிப்புக்காகக் கதையில் பல வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறார், அதனால் மேற்கோள்களை ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள், எந்தப் பதிப்பு என்பதையும் கட்டுரையில் குறிப்பிட்டுவிடுங்கள்.